ஏற்காட்டுக் கொட்டை, ராயபுரத்துத் துறைமுகம்: வாசகர் கேள்வி – பதில்

மலையில் காபி பயிரிடும் பெண்களுக்கு வெளிநாட்டில் நல்ல விலை வாங்கித் தருவது பற்றி வடசென்னையிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, பதில் பலருக்கும் பயன்படும் கடிதங்களை மட்டும் இங்கே எடுத்திருக்கிறோம்.

எங்கள் மகளிர் கூட்டமைப்பில் பலருக்குச் சேர்வராயன் மலையில் சொந்தபந்தம் உண்டு. அங்கே 38 பெண்கள் ஆளுக்கு ஒன்று, ஒன்றரை ஏக்கரில் அராபிகா வகைக் காபி வைத்திருக்கிறார்கள். போன பருவத்தில் எல்லாருமாக 6 டன் பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி, மெல்லிய மேல்தோலோடு காயவைத்த கொட்டை) எடுத்து, களத்துக்கே வந்த வியாபாரியிடம் போட்டுவிட்டார்கள். வெளிநாட்டில் நியாயமாக வாங்குபவர்களை எப்படிப் பிடிப்பது?
— வாசகி, ராயபுரம்

ஆளைப் பிடிப்பதற்கு முன் சரக்கைக் கணக்குப் போடுங்கள். 6 டன் பார்ச்மென்ட்டை மேல்தோல் உரித்தால் சுமார் 80 விழுக்காடு, அதாவது 4.8 டன் பச்சைக் கொட்டை (வறுக்காத கொட்டை) நிற்கும். சல்லடையில் தரம் பிரித்து, உடைசல், கறுப்பு, பூச்சி அரித்தது எல்லாம் கழித்தால் வெளிநாட்டுக்குத் தேறுவது 3 டன் என்று வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ மூட்டையில் 50 மூட்டை. 20 அடி கண்டெய்னர் ஒன்று சுமார் 320 மூட்டை பிடிக்கும். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான சரக்கை வைத்துக்கொண்டு நேரடியாகக் கப்பல் ஏற்றக் கிளம்பினால், காகிதச் செலவும் சுங்க முகவர் கூலியும் லாபத்தைத் தின்றுவிடும்.

அதனால் முதல் இரண்டு பருவங்களுக்கு வேறு வழி. காபி வாரியத்தில் பதிவான ஏற்றுமதியாளர்களில், தோட்டவாரியாகச் சின்னச் சின்ன லாட்டுகளை (சரக்குத் தொகுதிகளை) தனியாக அனுப்பிப் பழக்கமுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவரிடம் காபியை விற்காதீர்கள். சேவைக் கூலிக்கு அனுப்பித் தரச் சொல்லுங்கள். தோல் உரிப்பு, தரம் பிரிப்பு, சாக்கு, லாரி, ஆவணம், அவருடைய கூலி என்று ஒவ்வொன்றும் தனி வரியாக எழுத்தில் இருக்கட்டும். ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று ஒரே தொகையாகச் சொல்பவரிடம் அடுத்த ஆண்டு எதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பீர்கள்?

வெளிநாட்டில் நீங்கள் தேட வேண்டியது பச்சைக் கொட்டை இறக்குமதியாளரை. ஐந்து மூட்டை கேட்டு எழுதும் வறுவல் கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் ஊர்ச் சுங்கத்தில் சரக்கை எடுக்க அவரிடம் ஆள் இருக்காது. இறக்குமதியாளர் பல லாட்டுகளை ஒரே கண்டெய்னர் பெட்டியில் வரவழைத்து, அங்குள்ள கடைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்.

இனி மாதிரி. லாட்டுக்கு அரைக் கிலோ பச்சைக் கொட்டை அனுப்புங்கள். ஸ்பெஷாலிட்டி எனப்படும் உயர்தரக் காபிக்கு 350 கிராமைக் கொட்டிக் குறை எண்ணுவார்கள். முழுக் கறுப்பு, முழுப் புளிப்பு போன்ற பெருங்குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது, சிறு குறைகள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது, சுவைப் பரிசோதனையில் நூற்றுக்கு 80 புள்ளியாவது வர வேண்டும். பையின்மேல் ரகம், உயரம், பறித்த மாதம், பதப்படுத்திய முறை, அந்த லாட்டில் மொத்தம் எத்தனை கிலோ என்று எழுதுங்கள். அதே லாட்டிலிருந்து இன்னொரு அரைக் கிலோவை முத்திரை வைத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் உங்கள் பக்கம் பேச அது ஒன்றுதான் இருக்கும்.

நம்மவர்கள் இங்கே வழக்கமாகச் சறுக்குவது, மாதிரியை மட்டும் உட்கார்ந்து கையால் பொறுக்கி அனுப்புவதில். ‘கப்பலேற்றும் முன் எடுக்கும் மாதிரியை வாங்குபவர் ஒப்புக்கொள்வதற்கு உட்பட்டது’ என்ற வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். பொறுக்காத மூட்டையிலிருந்து எடுத்த இரண்டாவது மாதிரி போய்ச் சேர்ந்ததும் ஒப்பந்தம் முறியும். மூட்டைகளின் மேல், நடு, அடி மூன்றிலும் குத்தி எடுத்துக் கலந்ததையே முதலிலேயே அனுப்புங்கள். புள்ளி ஒன்றிரண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

காலமும் முக்கியம். அராபிகா பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கடிதப் போக்குவரத்தைத் தொடங்கி, ஜனவரி கடைசியில் மாதிரி அனுப்பி, ஏப்ரலுக்குள் சரக்கு கிளம்பினால் நல்லது. ஜூனில் ஆள் தேடினால் பழைய காபி என்று சொல்லியே விலையை அடிப்பார்கள்.

மலையில் இருக்கும் என் அக்காதான் களை எடுப்பது, பறிப்பது, காயப்போடுவது எல்லாம். பட்டா மட்டும் மாமனார் பெயரில். இதைப் ‘பெண்கள் விளைவித்த காபி’ என்று விற்க முடியுமா?
— வாசகி, தண்டையார்பேட்டை

முடியும், ஆனால் காட்டக் காகிதம் வேண்டும். உலகம் முழுக்க உங்கள் அக்காவின் கதைதான். சர்வதேசக் காபி அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, காபித் தோட்டங்களில் பெண்கள் நடத்துபவை 20 முதல் 30 விழுக்காடு. உழைப்பில் அவர்கள் பங்கோ இடத்துக்கு இடம் 70 விழுக்காடு வரை போகிறது. பெருவில் 2000-களின் தொடக்கத்தில் சில நூறு பெண்கள் தங்கள் காபியை ஆண்களின் காபியோடு கலக்காமல் தனியே பிரித்து விற்கத் தொடங்கினார்கள். ‘கஃபே ஃபெமெனினோ’ என்ற பெயரில் இன்றும் அது விற்கிறது. அந்தப் பிரிப்பை நாமும் செய்யலாம்.

உற்பத்தியாளர் கம்பெனி (விளைவிப்பவர்களே பங்குதாரர்களாக இருக்கும் நிறுவனம்) தொடங்கச் சட்டப்படி பத்துப் பேர் போதும். உற்பத்தி வேலையில் ஈடுபட்டிருப்பவர் உறுப்பினராகலாம் என்பதே சட்டம். பட்டாதாரர் மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் விதிமுறை எழுதித் தரும் ஆடிட்டர்கள் பழக்க தோஷத்தில் ‘நில உரிமையாளர்’ என்று போட்டுவிடுவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியைப் படித்து மாற்றச் சொல்லுங்கள். மாமனாரிடம் சர்வே எண்ணோடு ஒரு குத்தகை ஒப்பந்தமோ, குறைந்தது ஒப்புதல் கடிதமோ வாங்கிவிடுங்கள். பழங்குடிக் குடும்பம் என்றால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் வரும் உரிமைப் பட்டயம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். அக்கா பெயர் அதில் விடுபட்டிருந்தால் கிராம சபையில் கேட்கலாம்.

காகிதத்தைவிடப் பெரிய ஆதாரம் இரண்டு. ஒன்று, பழமோ பார்ச்மென்ட்டோ கொண்டுவந்து போடும்போது அவர் பெயரில் தேதி, எடை, ஈரப்பதத்தோடு கிழித்துத் தரும் ரசீது. மற்றொன்று, அவர் தனியாக இயக்கும் வங்கிக் கணக்கில் விழும் பணம். கணவருடன் சேர்ந்த கூட்டுக் கணக்கைச் சில வாங்குபவர்கள் ஏற்பதில்லை, அது சரிதான் என்பது எங்கள் கருத்து. பாக்கெட்டில் சிரிக்கிற பெண்ணின் படம் போடுவது எளிது. அவர் பாஸ்புத்தகத்தின் நகலைக் காட்டச் சொன்னால் பல பிராண்டுகள் நெளியும்.

ஃபேர்டிரேட் (நியாய வணிக) முத்திரை வாங்கிவிட்டால் நியாய விலை உறுதி என்கிறார்கள். உண்மையா?
— கல்லூரி மாணவி, வியாசர்பாடி

பாதி உண்மை. 2023 ஆகஸ்ட் முதல் ஃபேர்டிரேட்டில் வாஷ்டு (ஊறவைத்துக் கழுவிப் பதப்படுத்திய) அராபிகாவுக்குக் குறைந்தபட்ச விலை பவுண்டுக்கு 1.80 டாலர். இயற்கை முறைச் சான்று இருந்தால் மேலே 40 சென்ட். இது போக, சங்கத்துக்கென்று 20 சென்ட் பிரீமியம். பவுண்டு என்பது 453.6 கிராம் என்பதால், கிலோவுக்கு அடிவிலை சுமார் 3.97 டாலர், பிரீமியம் 44 சென்ட். சந்தை விலை அடிவிலைக்கு மேலே போனால் சந்தை விலையைத் தர வேண்டும். சங்கம் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 விழுக்காடு வரை முன்பணத்துக்கும் வாங்குபவர் ஏற்பாடு செய்ய வேண்டும். பலர் கவனிக்காத நல்ல விதி இது. பறிப்புக் கூலி கொடுக்கக் காசில்லாத டிசம்பரில்தான் பெண்கள் வியாபாரியிடம் முன்கடன் வாங்கி மாட்டுகிறார்கள்.

இனி மறுபாதி. அடிவிலை என்பது சந்தை சரியும்போது தாங்கும் தரை. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அப்போது 1.80-க்கு வேலையே இல்லை, பிரீமியம் மட்டும்தான் கூடுதல் லாபம். 3 டன் விற்கும் குழுவுக்கு அந்தப் பிரீமியம் மொத்தம் 1,320 டாலர் அளவுக்கு வரும். தணிக்கைக் கட்டணம் யூரோவில், ஆண்டுதோறும் கட்ட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, சின்னக் குழு தனியாக முத்திரை வாங்குவது கட்டுப்படியாகாது என்பது புரியும். ஏற்கெனவே சான்று பெற்ற பெரிய சங்கத்தில் உறுப்பினராகச் சேர்வது நடைமுறை. காபியில் இந்த முத்திரை சிறு விவசாயிகளின் அமைப்புகளுக்குத்தான், கூலியாட்களை வைத்து நடத்தும் பெரிய எஸ்டேட்டுகளுக்குக் கிடையாது.

விலை ஏறும் ஆண்டில் இன்னொரு தொல்லை. அக்டோபரில் ஒரு விலைக்கு ஒப்பந்தம் போட்டிருப்பீர்கள். ஜனவரியில் களத்துக்கு வரும் வியாபாரி கிலோவுக்கு ₹40 கூட்டிக் கையில் ரொக்கமாகத் தருவார். பத்துப் பேர் அங்கே போட்டுவிட்டால் சங்கத்துக்குச் சரக்கு பற்றாது, வெளிநாட்டுக்காரர் அடுத்த ஆண்டு திரும்பிப் பார்க்க மாட்டார். பெண்களைத் திட்டிப் பயனில்லை, வீட்டில் செலவு இருக்கிறது. ஒப்பந்தம் போடும்போதே இரண்டு ஏற்பாடு செய்யுங்கள்: சரக்குப் போடும் நாளில் பாதிப் பணமாவது கணக்கில் ஏற வேண்டும், விளைச்சலில் 60, 70 விழுக்காட்டுக்கு மேல் வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘நியூயார்க் விலை, மேலே இவ்வளவு’ என்ற மிதக்கும் ஒப்பந்தம் சின்னக் குழுவுக்கு வேண்டாம். விலையை எந்த நாளில் நிர்ணயிப்பது என்று யோசித்தே தூக்கம் போய்விடும். நிலையான விலை பேசுங்கள்.

பேசும்போது எந்த எடைக்கு விலை என்பதையும் கேளுங்கள். பச்சைக் கொட்டை கிலோ ₹500 என்று பேசினால், பார்ச்மென்ட் எடையில் அது ₹400-தான். அது மோசடி இல்லை, வெறும் கணக்கு. ஆனால் கைக்கு ₹330 வந்தால், நடுவில் போன ₹70-க்கு உரிப்புக் கூலி, தரக் கழிவு என்று வரிவரியாகச் சீட்டு இருக்க வேண்டும். அந்தச் சீட்டை எல்லா உறுப்பினர்களுக்கும் வாசித்துக் காட்டுபவர்தான் நியாயமான வாங்குபவர்.

சுங்க முகவர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மிளகாயும் அரிசியும் அனுப்பியிருக்கிறோம், காபி புதிது. ஆவணங்களில் என்ன வித்தியாசம்?
— வாசகர், மண்ணடி

ஐ.இ.சி. (ஏற்றுமதி-இறக்குமதி எண்), வங்கியின் ஏ.டி. கோடு (வெளிநாட்டுப் பணம் வரும் வங்கிக் கிளையின் குறியீடு), ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி அறிவிப்பு) எல்லாம் நீங்கள் அறிந்ததுதான். காபிக்குக் கூடுதலாக மூன்று: காபி வாரியத்தின் ஆர்.சி.எம்.சி. (ஏற்றுமதியாளர் பதிவு, உறுப்பினர் சான்று), ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் வாரியத்தின் அனுமதி, சர்வதேசக் காபி அமைப்பின் படிவத்தில் பிறப்பிடச் சான்றிதழ். இவற்றோடு வாங்கும் நாடு கேட்டால் தாவர நலச் சான்று. பெட்டி சென்னைத் துறைமுகமா, எண்ணூரா, காட்டுப்பள்ளியா என்பதைக் கப்பல் நிறுவனம் கடைசி நேரத்தில் மாற்றுவதுண்டு. சுங்கக் கணினியில் மூன்றும் தனித்தனி. ஏ.டி. கோடு அந்தத் துறைமுகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

தர விவரத்தை எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். இன்வாய்ஸில் ‘பிளாண்டேஷன் ஏ’, பிறப்பிடச் சான்றில் ‘பிளாண்டேஷன் ஏஏ’ என்று இருந்து எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதம்) மூலம் பணம் வருவதாக இருந்தால், வங்கி அந்த ஓர் எழுத்துக்காகவே பணத்தை நிறுத்தும்.

காசிமேட்டில் உறவினருக்குச் சும்மா கிடக்கும் கிடங்கு இருக்கிறது. மலையிலிருந்து காபியை முன்கூட்டியே கொண்டுவந்து அடுக்கிவைத்தால், கப்பல் கிடைக்கும்போது சட்டென்று ஏற்றலாமே?
— வாசகர், காசிமேடு

வேண்டவே வேண்டாம். அந்தக் கிடங்கில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். கருவாட்டு வாடையைப் பச்சைக் கொட்டை ஒரே வாரத்தில் உறிஞ்சிக்கொள்ளும், வறுத்தாலும் போகாது. வாடை இல்லாவிட்டாலும் கடற்காற்று விடாது. 11 விழுக்காடு ஈரத்தோடு இறக்கிய கொட்டை, சாதாரணச் சாக்கில் நம் கரையோரத்தில் கிடந்தால் ஈரம் ஏறிக்கொண்டே போகும். 12.5-ஐத் தாண்டினால் பூஞ்சை பயம். நிறமும் நீலப்பச்சை போய் வெளுக்கும், ஓரம் வெள்ளை தட்டும்.

பட்டிவீரன்பட்டியிலோ கோவையிலோ உரிப்பாலையில் பார்ச்மென்ட்டாகவே இருக்கட்டும். அந்தத் தோல்தான் கொட்டைக்குப் பாதுகாப்பு. கப்பல் தேதி உறுதியான பிறகு உரித்து, காற்றுப் புகாத உள்பை போட்ட சணல் சாக்கில் கட்டி, நேராகச் சரக்குப்பெட்டி நிலையத்துக்கு வரவழையுங்கள். வழியில் இரண்டு நாள் தங்கத்தான் வேண்டும் என்றால் தரையிலிருந்து அரையடி உயரப் பலகைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள்.

பெட்டியைச் சோதிப்பதில் வெட்கப்படாதீர்கள். ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லி, எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கட்டும். தெரிந்தால் மழைத்தண்ணீர் வரும். அப்படியே மூச்சை இழுத்து மோந்து பார்க்கட்டும். மணலிப் பக்கத்திலிருந்து வரும் பெட்டியில் முந்தைய சரக்கு ரசாயனமாக இருந்திருந்தால் மூடிய கதவுக்குள் அது தெரிந்துவிடும். அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். சுவரிலும் தரையிலும் தடித்த கிராஃப்ட் காகிதம், கூரைப் பக்கம் ஈரம் உறிஞ்சும் பைகள், மேல் மூட்டைகளின்மீதும் ஒரு காகித விரிப்பு. பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும் கடற்பயணத்தில் கூரையில் வியர்த்து, சொட்டுச் சொட்டாகக் கீழே விழும்.

நல்ல விலைக்குப் போன லாட் ஒன்றை, ‘அழுகல் வாடை’ என்று சொல்லி வாங்குபவர் பாதி விலைக்குக் கேட்கிறார். காய்ந்த கொட்டை பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. ஏமாற்றுகிறாரா?
— வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

இருக்கலாம். முத்திரை வைத்த உங்கள் மாதிரியை காபி வாரியத்தின் பெங்களூர்த் தரப் பிரிவில் சுவைத்துப் பார்க்கக் கொடுங்கள். அங்கும் அதே வாடை வந்தால் குற்றம் பழத்தோல் உரிக்கும் பல்பர் யந்திரத்தில். முதல் நாள் உருளையின் இடுக்கில் சிக்கிய நான்கு பழம் மறுநாள் ஊறலோடு (வழவழப்பு நீங்க ஊறவைத்த கொட்டையோடு) கலந்துவிடும். பார்வைக்கு அது மற்றதைப் போலத்தான் இருக்கும், கோப்பையில்தான் நாறும். அப்படி ஒரு கொட்டை மொத்தக் கோப்பையையே கெடுத்துவிடும். தினமும் வேலை முடிந்ததும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, உருளையைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

ஊறலையும் கவனியுங்கள். மலைக் குளிரில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், மணி பார்த்துக் கழுவக் கூடாது. ஒரு பிடி எடுத்துத் தேய்த்தால் வழவழப்பு போய்ச் சரளை மாதிரி நறநறக்க வேண்டும், குவியலில் கம்பு குத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்க வேண்டும். அப்போதே கழுவிவிடுங்கள். பழுத்ததும் பச்சையும் கலந்து பறித்திருந்தால் ஒன்று ஊறும், ஒன்று ஊறாது. பிறகு எவ்வளவு கவனமாக இருந்தும் சரிவராது. காயப்போடுவதைச் சிமென்ட் தரையில்கூடச் செய்யலாம், ஆனால் கால் உயர்த்திய வலைப்படுக்கை இன்னும் நல்லது. மாலையில் குவித்து மூடாவிட்டால் பனி இறங்கி, காய்ந்தது மறுபடி நனையும். ஈரப்பத மீட்டர் இல்லாத ஊரில், ஒரே அளவுப் படியில் அளந்து தினமும் நிறுத்துப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் எடை இறங்காமல் நின்றால் காய்ந்துவிட்டது.

ஐரோப்பாவுக்கு அனுப்ப ஒவ்வொரு தோட்டத்தின் ஜி.பி.எஸ். வேண்டுமாமே?
— வாசகர், திருவொற்றியூர்

ஆமாம். காடழிப்புக்கு எதிரான ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் அப்படிக் கேட்கிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு வெட்டிய நிலத்தில் விளைந்த காபியை அங்கே விற்க முடியாது. 4 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும், தசமத்துக்குப் பின் ஆறு இலக்கத்தோடு. அமல் தேதியைத் தள்ளிவைத்தார்கள் என்பதற்காகச் சும்மா இருக்காதீர்கள், முதல் கடிதத்தில் வந்த 38 தோட்டம் ஏறி இறங்க இரண்டு நாள் வேலைதான். சில்வர் ஓக் நிழலில் போன் தடுமாறும். நடுத்தோட்டத்தில் சற்று வெளிச்சமான இடத்தில் நின்று, துல்லியம் சில மீட்டருக்கு இறங்கும்வரை காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் மாதம் இரண்டு கண்டெய்னர் கேட்கிறது. விலையும் சந்தையைவிட அதிகம். ஒப்பந்தப் பதிவுக் கட்டணம் மட்டும் நாங்கள் முதலில் கட்ட வேண்டுமாம்.
— வாசகி, எண்ணூர்

கட்டாதீர்கள். வாங்குபவர் விற்பவரிடம் கட்டணம் கேட்கும் வியாபாரம் உலகத்தில் இல்லை. மாதிரிகூடக் கேட்காமல் மாதம் 38 டன் கேட்கிறார் என்பதே போதும், ஆள் காபிக்காரர் இல்லை. எல்.சி. என்று அனுப்பும் பி.டி.எஃப். வெறும் காகிதம். அது வங்கியிலிருந்து வங்கிக்கு வந்து, உங்கள் கிளை ‘வந்துவிட்டது’ என்று எழுத்தில் சொன்னால்தான் எல்.சி. உண்மையான வாங்குபவராக இருந்தாலும், முதல் முறை ‘சரக்கு வந்து 90 நாளில் பணம்’ என்பதை ஏற்காதீர்கள். ஒரு பகுதி முன்பணம், மீதி கப்பல் ஆவண நகல் கிடைத்ததும் என்று கேளுங்கள். கடனுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஈ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுங்கள். வாங்குபவரின் பணநிலையை அவர்களே பார்த்து வரம்பு சொல்வார்கள்.

ஏற்றுமதிக்குத் தேறாத மிச்சக் கொட்டையை என்ன செய்வது?
— வறுவல் கடைக்காரர், பெரம்பூர்

உங்களைப் போன்றவர்கள்தான் வாங்க வேண்டும்! முதல் கடிதத்தில் வந்த 6 டன்னில் பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை), பி, சி தரம் எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்கு மேல் நிற்கும். பீபெரிக்குச் சென்னையில் வெளிநாட்டைவிட நல்ல மரியாதை. ஏற்றுமதி விலையைப் பார்த்து மயங்கி, இந்த மிச்சத்தை உரிப்பாலையிலேயே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும் குழுக்கள் அதிகம். வறுக்காத கொட்டைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, வறுத்ததற்கு 5 விழுக்காடு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எண், எடை, வறுத்துக் கட்டிய தேதி உறைமேல் இருக்க வேண்டும். சிக்கரி கலந்தால் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, இரண்டின் அளவையும் உறையில் அச்சிட வேண்டும். குழுவிடமிருந்து நேராக வாங்கும்போது மூட்டைக்கு 200 கிராம் முன்கூட்டி வரவழைத்து வறுத்துப் பாருங்கள், விலையை அதன்பிறகு பேசுங்கள்.